சொல்லிக் கொடுத்தலும் சொல்லிவிடுதலும்

முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ பயிலும் குழந்தை பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. ஏதோ ஒரு சொல்லில் வந்து நின்றுவிடுகிறது. விரல் அந்த இடத்திலேயே இருக்கிறது. கண்கள் மட்டும் நூலை விட்டு நம் முகத்துக்கு வருகின்றன. அந்தச் சொல்லை நாம் சொல்லிவிடலாமா, கூடாதா? நம் இல்லங்களில் நாள்தோறும் மாலை வேளையில் எழுகின்ற வினா இது. மிகச் சிறியதாகத் தோன்றுவதால் இதனை ஒருவரும் அறத்தைப் பற்றிய வினாவாகக் கருதுவதில்லை. பயிற்று முறையைச் சார்ந்தது என்று ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறோம். ஆயின், ஒருவர் தாமே அடையக்கூடிய ஒன்றை மற்றவர் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பது உதவியா, பறிப்பா என்பது பயிற்று முறைக்குள் மட்டும் அடங்கிவிடும் வினாவன்று.

சொல்லிவிடுகிறவர்களைக் கேட்டால் இரக்கத்தால் சொன்னோம் என்பார்கள். குழந்தை திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். இந்த இரக்கத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். குழந்தையின் நெற்றி சுருங்கும்போது வருத்தம் உண்மையில் யாருக்கு உண்டாகிறது? பல வேளைகளில் குழந்தை வருந்தவே இல்லை. அது வேலை செய்துகொண்டிருக்கிறது. பொறுக்க முடியாமற் போவது நமக்கே. அடுப்பில் குக்கர் கூவுகிறது. இன்னும் இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை இதற்குள் முழுப் பாடத்தையும் ஒப்பிக்கிறதே என்னும் நினைவும் உள்ளே அரிக்கிறது. விடையைச் சொல்லிவிட்டால் இவையெல்லாம் ஒரு நொடியில் தீர்ந்துவிடுகின்றன. நம் வருத்தத்தைத் தீர்த்துக்கொண்டுவிட்டு அதற்குக் கருணை என்று பெயரிடுதல் முறையாகுமா?

இவ்வளவில் நிறுத்தினால் நம் வாதம் ஒருதலையாகிவிடும். காத்திருத்தல் என்ற பெயரில் கொடுமை செய்கிறவர்களும் உண்டு. "யோசி, யோசி" என்று அதட்டிக்கொண்டே அரை மணி நேரம் குழந்தையை ஒரே எழுத்தின்முன் உட்கார வைத்துவிடுவார்கள். யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய பொருளாக அது இருந்தாலன்றோ குழந்தை யோசிக்கும்? அகரத்தின் வடிவத்துக்கும் அதன் ஒலிக்கும் இடையே இயற்கையான உறவு எதுவும் இல்லை. முன்னோர் வகுத்த வழக்கு அது. எத்துணைக் கூரிய அறிவுடைய குழந்தையும் அதனைத் தானாகக் கண்டறிய இயலாது. ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். மறந்துவிட்டால் மீண்டும் சொல்லவேண்டும். பத்து முறை மறந்தால் பத்து முறையும் முகம் சுளியாமல் சொல்லவேண்டும். ஆனால் 'ம', 'ர' என்னும் எழுத்துகளையும் மகர மெய்யையும் அறிந்த குழந்தை 'மரம்' என்னும் சொல்லைத் தானே அடைந்துவிடும். முதலதைச் சொல்லாதிருப்பது கொடுமை. இரண்டாவதைச் சொல்லிவிடுவது பறிப்பு. இரண்டையும் வேறு பிரித்தறியாமல் எப்போதும் சொல்லுகிறவர்களும் எப்போதும் அதட்டுகிறவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

எது சொல்லித் தரவேண்டியது, எது தானே கண்டுகொள்ளக்கூடியது என்பதைத் தமிழெழுத்தை வைத்தே காட்டலாம். நம் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் என்று சொல்லிக் குழந்தையை மலைக்கச் செய்கிறோம். உண்மையில் நினைவில் இருத்தவேண்டியவை உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, இவற்றோடு உயிர்க்குறிகள். 'கா'வும் 'மா'வும் அறிந்த குழந்தை 'பா'வைத் தானே படித்துவிடும். அங்கே நாம் குறுக்கிடக் கூடாது. உகரக் குறியோ கு, சு, து ஆகிய மூன்றிலும் மூன்று விதமாக நிற்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க வழியில்லை. இங்கே சொல்லிக் கொடுக்கத் தயங்கலாகாது. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் குறி முன்னே நிற்கிறது, ஒலி பின்னே வருகிறது. 'கொ', 'கோ' என்பவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படி என்று நாமே கற்பித்துவிட்டு இங்கே குழந்தை தடுமாறும்போது கவனமில்லை என்று கடிவது நேர்மையன்று. மாறாக, பக்கம், பங்கு, பகல் ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறதே, அதற்கு இலக்கணம் சொல்லவேண்டிய தேவையே இல்லை. எழுத்தைக் கூட்டிச் சொல்லிப் பார்த்த குழந்தை, நாவுக்குப் பழகிய சொல் வந்ததும் ஒலியைத் தானே திருத்திக்கொண்டு சிரிக்கும். அந்தச் சிரிப்பை நாம் முந்திக்கொண்டு எடுத்துவிடுவதைத்தான் பறிப்பு என்றோம்.

பாட்டிமார்களுக்கு ஒரு சொல். 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் பயின்ற நம் போன்றோர் 'லை', 'னை', 'றா' முதலியவற்றைக் கைப்பழக்கத்தால் பழைய வடிவத்தில் எழுதிக் காட்டிவிடுவதுண்டு. நம் எழுத்து தவறு என்று பேரக்குழந்தை சொன்னால் சினம் கொள்ளவேண்டாம். அந்த வடிவம் அதற்கு உண்மையிலேயே புதியது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நூலில் 'வருகிறான்' என்று இருப்பதைக் குழந்தை 'வர்றான்' என்று படிக்கிறது. உடனே நாம் தலையில் குட்டாத குறையாகத் திருத்துகிறோம். எழுத்தை மட்டும் பார்த்தால் அது தவறுதான். ஆனால் பொருள் விளங்காத குழந்தை அவ்வாறு மாற்றிப் படிக்க முடியாது. அச்சிட்ட சொல் கண்வழிச் சென்று, பொருளாகி, வீட்டுப் பேச்சாக வாய்வழி வெளிவந்திருக்கிறது. படித்தல் என்னும் செயல் முழுமையாக நிகழ்ந்ததற்கு அதுவே சான்று. "ஆம், வர்றான் என்றுதான் பொருள், நூலில் எப்படி எழுதியிருக்கிறது, பார்" என்று சொன்னால் போதும்.

கணக்கில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். எண்பத்தொன்பது வரை எண்ணிய குழந்தை அடுத்து 'எண்பத்திப் பத்து' என்கிறது. வீட்டார் சிரிக்கிறார்கள். குழந்தையின் அறிவு அங்கே பிழைபடவில்லை. மொழிதான் நெறியை விட்டு விலகுகிறது. எட்டுப் பத்துக்கு எண்பது என்ற மொழி, ஒன்பது பத்துக்கு நூறு என்னும் ஒலி கலந்த தொண்ணூறு என்னும் பெயரை வைத்திருக்கிறது. இதனை யாரும் ஊகிக்க இயலாது, சொல்லித்தான் தரவேண்டும். நூற்றுப் பன்னிரண்டு என்பதை எழுதச் சொன்னால் 10012 என்று எழுதும் குழந்தைகளை ஒவ்வோர் ஆண்டும் காணலாம். நூறு என்று கேட்டது, 100 எழுதியது. பன்னிரண்டு என்று கேட்டது, 12 எழுதியது. காதில் விழுந்ததை விழுந்தவாறே எழுதிய குழந்தையை மந்தபுத்தி என்பதா?

52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று விடை வருவது மிகப் பரவலான ஒன்று. ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து; ஐந்திலிருந்து ஒன்று போக நான்கு. சிறியதைப் பெரியதிலிருந்துதான் கழிக்கவேண்டும் என்று ஒரு நாள் நாம் சொன்னதை அது நம்பிக்கையோடு பின்பற்றியிருக்கிறது. சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டு 35 என்று எழுதித் தந்தால் அந்த ஒரு கணக்கு சரியாகும். நாளைக்கு 63இலிருந்து 28ஐக் கழிக்கும்போது அதே பிழை மீண்டும் வரும். "எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்" என்று கேட்பதே முதல் வேலை. பிறகு விளக்குமாற்று ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக ஐந்து கட்டுகளாகக் கட்டி, உதிரியாக இரண்டு வைத்துப் பதினேழை எடுக்கச் சொல்லலாம். உதிரி இரண்டும் போதாதென்று கண்டதும் ஒரு கட்டைக் குழந்தையின் கை தானே அவிழ்க்கத் தொடங்கும். 'கடன் வாங்குதல்' என்று பல ஆண்டுகளாகப் பள்ளிகளில் சொல்லி வருவது உண்மையில் கட்டவிழ்த்தல்தான். யாரிடமும் யாரும் கடன் வாங்கவில்லை.

விரல்விட்டு எண்ணக் கூடாது என்று தடுக்கும் வழக்கத்தை நாம் என்றுமே ஏற்றதில்லை. பெரியவர்கள் கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதைக் கண்டு வளரும் குழந்தையை, கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு எண்ணும் நிலைக்குத் தள்ளுவானேன்? தேவை தீர்ந்ததும் விரல் தானே ஓய்ந்துவிடும்.

பிழையைப் பிறர் சொல்லாமற் பொருளே காட்டவேண்டும் என்னும் எண்ணத்தைக் கல்வியில் நன்கு பயன்படுத்தியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்தும் அவருடைய மரக்கட்டையில், ஒன்றைத் தவறான குழியில் இட்டால் கடைசி உருளை பொருந்தாமல் நின்றுவிடும். தவறு என்று எவரும் வாய் திறக்க வேண்டியதில்லை. அத்தகைய கருவி நம் வீட்டில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னால் போதும். ஒன்று குறைந்தால் தாத்தா தட்டின்றி உட்கார்ந்திருப்பார். குழந்தையே ஓடிச் சென்று எடுத்து வரும்.

இனி, இதனினும் கடினமான பகுதிக்கு வருவோம். வீட்டுப்பாடத்தைப் பெற்றோரே செய்து கொடுக்கும் வழக்கம் நகரத்து இல்லங்களில் வேரூன்றிவிட்டது. ஒட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் தாயின் வேலையாகவே ஆகிவிட்டன. அதைப் பெரிதுபடுத்த நாம் விரும்பவில்லை. கணக்குகளையும் வாக்கியங்களையும் சொல்லச் சொல்ல எழுதவைத்து அனுப்புவதைத்தான் குறிப்பிடுகிறோம். ஆசிரியை 'நன்று' என்று எழுதுகிறார். பிறர் செய்தது என்பது அவருக்கும் தெரியும். தந்தை கையொப்பமிடுகிறார், அவருக்கும் தெரியும். தீவினையைத் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவகையாகப் பகுத்து, மூன்றையும் விலக்கவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த ஒரு குறிப்பேட்டில் மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்துவிடுகின்றன. இதைப் பொய் என்று சொன்னால், குழந்தையின் வீட்டுப்பாடத்துக்கு இத்தனை பெரிய சொல்லா என்று சிலர் நகைப்பார்கள். ஆனால் அந்த நால்வருள் உண்மையில் ஏமாறுகிறவர் எவரும் இல்லை. குழந்தை மட்டும், தன்னால் இயலாததை இயன்றதுபோற் காட்டுவதே கல்வி என்று கற்றுக்கொள்கிறது.

அதன் விளைவு இரண்டாம் வகுப்பில் தெரிவதில்லை. பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை நூலின் பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டு அடுத்த பக்கத்தைச் சொல்லிக்கொண்டு போவதைப் பயிற்சிப் பள்ளி மாணவியர் கண்டு வந்து வியப்போடு கூறுவார்கள். மூன்று, நான்காம் வகுப்புகளில் அறிவியலும் சமூகவியலும் படித்து அறியவேண்டிய பாடங்களாக வரும்போது அந்தக் குழந்தையால் நுழைய முடிவதில்லை. ஒன்பது வயதில் தனக்குப் படிக்கத் தெரியாதென்பது தனக்கு நன்றாகத் தெரிகிறது. அதனை மறைப்பதற்கே முழு அறிவையும் செலவிடத் தொடங்குகிறது. முன் வரிசைத் தலைகளுக்குப் பின்னே உட்கார்வது, படிக்கச் சொன்னால் தொண்டை வலிக்கிறதென்பது, சேட்டை செய்து வெளியே அனுப்பப்படுவது. சோம்பல் என்றும் முரட்டுத்தனம் என்றும் பெயர் வாங்கிய பிள்ளைகள் பலரிடம் இந்த மறைவுதான் அடியில் இருக்கும். 

கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. வகுப்பறையையே காணாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. நம் சமுதாயத்தார் மிகுதியாக வாழும் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்துக்கருகே 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும், 2022இல் அரசுப் பள்ளிகளில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்த இடைவெளியை நிரப்பக் கருதியவை. பின்னதில் குழந்தைகளை வகுப்பைக்கொண்டு அல்லாமல், அவர்கள் அறிந்துள்ள அளவைக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பகுத்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலையில் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய நேர்மை என்று நாம் கருதுகிறோம். இல்லாததை உண்டென்று எழுதுவதைக் காட்டிலும் இது மேலானது. ஆனால் அரும்பு என்பது இன்றைய நிலையின் பெயர். 'அரும்புப் பிள்ளை' என்று ஆளுக்கே அதைச் சூட்டிவிடும்போது உண்மையும் ஊறு செய்வதாகிவிடுகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று பகுத்திருக்கிறாரே என்று கேட்பீர்கள். அவர் பேசுவது இலக்கணம் பயில வந்த வளர்ந்த மாணாக்கரைப் பற்றி. ஆறு வயதுக் குழந்தையை எருமை என்று அழைக்க நன்னூலைச் சான்று காட்டுதல் தகாது. அதனோடு, அந்த இடத்துக்கு முன்னரே அவர் ஆசிரியராகத் தகாதவரையும் நான்காகப் பகுத்து வைத்திருப்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். போட்ட முறை மாறிக் காய்கள் கொட்டும் கழற்குடம். தன்னை அணுகவிடாமல் பழம் தானே விழுந்தால் மட்டும் தரும் மடற்பனை. அரிதிற் புகுத்தி அரிதில் எடுக்கவேண்டிய பருத்திக் குண்டிகை. நீர் வார்த்தவனை விட்டுப் பிறர்க்குக் காய் தரும் முடத்தெங்கு. குழந்தை கண்கலங்கி நிற்கும்போதும் சிறு குறிப்புத் தராமல் 'தானே கண்டுபிடிக்கட்டும்' என்று இறுமாந்திருப்பவர் மடற்பனை அல்லாமல் வேறு யார்? ஆகவே காத்திருத்தலுக்கும் ஓர் எல்லை வேண்டும்.

அந்த எல்லை எவ்வளவு? 1970களில் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருப்பதை அவர் கண்டார். மூன்று வினாடிகளுக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். மந்தம் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே தரப்பட்டது என்பதையும் அவர் கண்டார். மிகுதியாக வேண்டியவருக்குக் குறைவாகக் கொடுத்தல்! பயிற்சிப் பள்ளியில் நாம் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிய பின்னரே உதவும்படி கூறுவோம். ஐந்து எண்ணுவது அத்தனை நீண்டதென்று அன்றுதான் அறிந்தோம் என்பார்கள் மாணவியர். எண்ணும்போது குழந்தையின் முகத்தை உற்றுப் பார்க்கக் கூடாது, நூலைப் பார்க்கவேண்டும். பின்னும் வரவில்லையெனில் சொல்லின் பிற்பகுதியை விரலால் மறைத்து முற்பகுதியை மட்டும் காட்டலாம், படத்தைப் பார்க்கச் சொல்லலாம், முதலெழுத்தைச் சொல்லலாம். அதற்கும் வரவில்லையா, முழுச் சொல்லையும் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு மேலே செல்லவேண்டும். 'இது கூடவா தெரியவில்லை' என்னும் இணைப்பு வேண்டாம். தொட்டவுடன் சொல்லைப் படித்துக்காட்டும் கைப்பேசிச் செயலிகளைப் பல பெற்றோர் இப்போது வாங்கித் தருகிறார்கள். சினம் கொள்ளாமை அவற்றின் நற்குணம். ஐந்து எண்ணத் தெரியாமை அவற்றின் குறை.

எத்துணைக் காத்திருந்தும், எத்தனை முறை சொல்லியும் எழுத்துகள் நிலைக்காத குழந்தைகளும் சிலர் உளர். அறிவிற் குறையில்லாமலே வாசிப்பில் மட்டும் இடர்ப்படுவது டிஸ்லெக்சியா எனப்படுகிறது. அங்கே முயற்சி போதாதென்று கடிவது காலில் முள் தைத்தவனை ஓடச் சொல்வதாகும். தக்கவரிடம் காட்டித் தனிமுறைப் பயிற்சி பெறுவதே வழி.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று பணிக்குச் செல்லும் தாய்மார்கள் கேட்பது நியாயமே. இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் பொறுமையையும் அறமாக விதித்துச் சுமையேற்ற நாம் விரும்பவில்லை. பத்து நிமிடம் போதும். அதுவும் அவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எழுத்தறியாத பாட்டி இருந்தால் அவரே மிகச் சிறந்த துணை. அவரால் விடையைச் சொல்லிவிட முடியாதன்றோ! "அப்புறம் என்ன ஆயிற்று? படி, கேட்போம்" என்று அவர் கேட்கும்போது அது நடிப்பன்று, அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டும். குழந்தை தன்னால் ஒருவருக்குப் பயன் உண்டென்று அப்போதுதான் உணர்கிறது.

வீட்டுப்பாடம் முடியாத நாளில் மீதியை நாம் எழுதி நிரப்பாமல், குறிப்பேட்டின் அடியில் 'இதுவரை தானே செய்தான். இதற்குமேல் விளங்கவில்லை' என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம். மறுநாள் குழந்தைக்கு அடி விழுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துக்கு ஊறு செய்வதையும் தடை செய்திருக்கிறது. அத்தகைய குறிப்பு வந்தால் தம் கற்பித்தலைக் குறை கூறுவதாகாதா என்று பயிற்சியிலிருந்த இளம் ஆசிரியைகள் நம்மிடம் கேட்டதுண்டு. நாற்பது குறிப்பேடுகளில் முப்பத்தொன்பது முழுமையாக வந்தால் எங்கே மீண்டும் தொடங்குவதென்று உங்களுக்குத் தெரியாது. நாற்பதாவதுதான் அதைச் சொல்கிறது என்று அவர்களுக்கு விடை கூறினோம்.